ரஃப் நோட்டு

கவிஞர் ஒருவர் வாத்தியாராகவும் இருந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற பெட்டியைத் திறப்பவருக்கு வேலை இரட்டிப்பு. வெறும் கவிஞரின் பெட்டியில் கவிதை இருக்கும், கடிதம் இருக்கும், பத்திரிகை நறுக்குகள் இருக்கும். வாத்தியார் கவிஞரின் பெட்டியில் இவற்றோடு பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், ஆண்டுவிழா நாடக வசனம், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, திருப்பிக் கொடுக்காமல் விட்ட விடைத்தாள் எல்லாம் சேர்ந்து வரும். எட்டாம் வகுப்பு இலக்கணப் பாடக்குறிப்பின் ஓரத்தில் ஒரு விருத்தத்தின் முதலடி கிடக்கும். இரண்டாமடி அடுத்த வாரப் பாடக்குறிப்பில். மிச்ச அடிகள் வேண்டுமென்றால் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பால் கணக்குக்குக் கீழே இருக்கும்.

காகிதச் சுவடிகளைச் செப்பனிடுவது என் தொழில். சித்தூரில் பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். பிறகு தனி மாவட்டமானது. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழகத்தின் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரத்தின் பக்கம் நின்றோம். அதனால் இந்த வட்டாரத்து வாத்தியார்களின் நோட்டுகளில் இரண்டு எழுத்தும் கலந்தே வரும். தெலுங்கில் பாடம் நடத்திவிட்டு மாமியாருக்குத் தமிழில் கடிதம் எழுதியவர்கள் இவர்கள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில் கற்றுக்கொண்டு திருப்பதிக்கு வந்தேன். பனையோலையிலும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் என் கைக்குப் பழகியது காகிதம்தான், அதிலும் பள்ளிக்கூட நோட்டு.

ஓலையைவிடக் காகிதம் கடினம் என்றால் யாரும் நம்புவதில்லை. பதப்படுத்திய ஓலையை எலுமிச்சைப்புல் தைலம் தடவி, வசம்பு வைத்து, துணியில் சுற்றிப் பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டிவைத்தால் முந்நூறு ஆண்டு தாங்கும். மில் காகிதத்துக்கு அந்த ஆயுள் இல்லை. மை பரவாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துத்தான் அந்தக் காகிதத்தைச் செய்தார்கள். அந்தப் படிகாரமே உள்ளிருந்து அமிலமாகி நாரை அறுத்துவிடும். ஐம்பது வயதான நோட்டின் ஓரத்தை மடித்துப் பார்த்தால் அப்பளம் போல ஒடியும். இதில் நம் ஊர் வைப்பு முறை வேறு. கீழே வைத்தால் கரையான் என்று பரணில் ஏற்றுவார்கள். சித்தூர்ச் சித்திரை வெயிலில் பரணில் கிடக்கும் தகரப் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன இடமென்று.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாத்தியார் கவிஞரின் நோட்டில் குறைந்தது நாலு வகை எழுத்து இருக்கும். நீலக்கறுப்பு மை, நீல மை, திருத்துவதற்கான சிவப்பு மை, பென்சில். பழைய நீலக்கறுப்பு மையில் இரும்பு உண்டு. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து காய்ச்சிய அதே வித்தைதான். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், தண்ணீருக்கு அசையாது. அளவு மீறினால் மட்டும் எழுத்து இருக்குமிடத்தில் காகிதத்தையே அரித்து ஓட்டை போட்டுவிடும். நீல மை வெறும் சாயம். ஒரு சொட்டு நீர் பட்டால் போய்விடும். சிவப்பு அதைவிட மோசம், வெளிச்சத்துக்கே வெளுக்கும். இவற்றையெல்லாம்விட நான் பயப்படுவது காப்பியிங் பென்சிலுக்கு. உலர்ந்திருக்கையில் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஈரம் பட்ட நொடியில் ஊதாவாக மலர்ந்து பக்கம் முழுக்க ஓடும். ஆகவே எந்தப் பக்கத்தையும் நனைக்கும் முன் ஒவ்வொரு மையையும் ஓரத்தில் ஊசிமுனையளவு நீர் வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்ப்போம். ஒற்றுத்தாளில் நிறம் இறங்கினால் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் வைத்தியம் கிடையாது.

இந்த நாலு மையும் எங்களுக்குத் தகவலும்கூட. வகுப்பு நேரத்தில் கையில் இருந்தது சிவப்புப் பேனா என்றால், கவிதையில் சிவப்பில் விழுந்த திருத்தம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் விழுந்தது. பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, மேஜையில் தன் வரியையும் ஒரு பிழையைப் போலச் சுழித்திருப்பார். நீலக்கறுப்பில் எழுதிய முதல் வடிவம் வீட்டில் எழுதியது. எல்லா வாத்தியாருக்கும் இது பொருந்தாது. ஆனால் ஒருவரின் நோட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அவருடைய பழக்கம் பிடிபட்டுவிடும்.

காலக்கணக்கும் அப்படித்தான். கவிஞர்கள் தேதி போடுவதில் சோம்பேறிகள். வாத்தியார்கள் தேதி போடாமல் வேலை பார்க்க முடியாது. பாடக்குறிப்பில் வாரந்தோறும் தலைமையாசிரியரின் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கும். அதே பக்கத்தின் ஓரத்தில் கிடக்கும் வரிக்கு அந்தத் தேதியே சாட்சி. எழுபதுகளின் காகிதத் தட்டுப்பாட்டில் வாத்தியார்கள் வினாத்தாளின் வெறும்பக்கத்தில் எழுதினார்கள். சைக்ளோஸ்டைல் எடுத்த காலாண்டுத் தேர்வு வினாத்தாளின் முதுகில் ஒரு கவிதை இருந்தால், அந்தத் தேர்வுக்கு முன் அந்தத் தாளில் அது எழுதப்பட்டிருக்க முடியாது. ஆய்வாளர்கள் நடையையும் கருத்தையும் வைத்து, முற்காலம் பிற்காலம் என்று பல ஆண்டு விவாதிப்பதை ஒரு கணக்கு வினாத்தாள் தீர்த்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான் பிரிக்காதீர்கள் என்கிறோம். பெட்டி வந்தவுடன் தூசி தட்டுவதற்கு முன்பே படம் எடுப்போம், எந்த நோட்டின் மேல் எந்த நோட்டு கிடந்தது என்பது உட்பட. பக்க எண்ணை மென்பென்சிலில் மேல்மூலையில் போடுவோம், பேனாவைப் பக்கத்திலேயே விடமாட்டோம். நடுவில் செருகியிருக்கும் பஸ் டிக்கெட், அழைப்பிதழ், அரசிலை எதுவானாலும் எந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே இருந்தது என்று எழுதிவைத்து, தனி உறையில் போட்டு, அதே இடத்துக்கான எண்ணைக் கொடுப்போம். குண்டூசியைப் பிடுங்கக் கூடாது. துரு காகிதத்தோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் ஒரு சொல் கூடவே வரும். மெல்லிய தகட்டை ஊசிக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, துருவை உடைத்து, பிறகு ஊசியை உருவ வேண்டும். தூசியைத் தட்டும் தூரிகை நோட்டின் முதுகிலிருந்து வெளியோரத்தை நோக்கித்தான் போக வேண்டும். இராமபாணப் பூச்சி வழவழவென்று மேய்ந்த இடத்தில் காகிதம் மெலிந்திருக்கும். அங்கே ஜப்பானிய மென்தாளைக் கிழித்து (கத்தரித்தால் விளிம்பு தடித்துத் தெரியும்) மாவுப்பசையைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டுவோம். நல்ல ஒட்டு என்பது பின்னால் வருபவர் வேண்டாமென்று நினைத்தால் ஈரப்படுத்தி எடுத்துவிடக் கூடியது. செலோடேப்புக்கு அந்த நாகரிகம் இல்லை. சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் பழுப்பாகக் காகிதத்துக்குள் இறங்கி நிரந்தரமாகத் தங்கும்.

லேமினேஷனைப் பற்றி ஆத்திரமில்லாமல் பேச எனக்கு வராது. ஒரு காலத்தில் ஆவணக் காப்பகங்களே அதைச் செய்தன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் மெல்லிய அசிடேட் படலத்தை அசிட்டோன் தடவிக் கையாலேயே ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். அன்றைக்கு அது முன்னேற்றம். பிறகு படலமே கெட்டு, உள்ளே இருப்பதையும் கெடுப்பது தெரிந்து தொழில் அந்த வழியை விட்டு விலகிவிட்டது. ஆனால் ஜெராக்ஸ் கடைகள் விலகவில்லை. அப்பாவின் கையெழுத்து என்ற பாசத்தில், முதல் பக்கத்தை மட்டும் நோட்டிலிருந்து கிழித்து, சூடாக்கிய பிளாஸ்டிக்கில் புதைத்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். மாலைகூடப் போடுகிறார்கள். அந்தப் பக்கத்துக்கு இனி என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கரையானால் போனதைவிடப் பாசத்தால் போனது அதிகம் என்பது என் கணிப்பு.

எங்கள் வட்டாரத்தில் வாத்தியார் கவிஞர் என்றதும் நான் முதலில் சொல்வது மதனப்பள்ளியை. இன்று அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது சித்தூர் மாவட்டம். 1915இல் அன்னி பெசன்ட் அங்கே பிரம்மஞானக் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டு அவர் அழைப்பில் சென்னைக்கு வந்தவர் அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ். பெல்ஃபாஸ்ட்டில் 1873இல் பிறந்தவர். 1904இல் இருக்க இடமில்லாத இளைஞர் ஜேம்ஸ் ஜாய்ஸ் சில நாள் தங்கிய டப்ளின் வீடு இவருடையதுதான். பெசன்டின் ‘நியூ இந்தியா’வில் வேலை பார்த்தார். 1916இல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்தபோது அதைப் புகழ்ந்து எழுதினார், பத்திரிகை வேலை போயிற்று. ஆங்கிலம் கற்பிக்க மதனப்பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் முதல்வரும் ஆனார், ஒருமுறைக்கு இருமுறை. ஆங்கிலக் கவிதையின் புதிய போக்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் ஒன்று சென்னையில் கணேஷ் கம்பெனி வெளியீடாக வந்தது. அதைப் புதுச்சேரியில் மதிப்புரை செய்ய உட்கார்ந்த அரவிந்தர், ‘ஆர்யா’வில் மாதாமாதம் எழுதிக்கொண்டே போய், அது எதிர்காலக் கவிதை பற்றிய தனி நூலாகவே ஆகிவிட்டது. கல்லூரி வாத்தியாரின் ஒரு சிறு புத்தகத்துக்கு இப்படியொரு மதிப்புரை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

1919 பிப்ரவரிக் கடைசியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து கசின்ஸ் தம்பதியரின் விருந்தாளியாகத் தங்கினார். மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பாடும் மாலைக் கூட்டம் ஒன்று அங்கே வழக்கம். அதில் ‘ஜன கண மன’வைப் பாடினார். 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்ட பாடல்தான். கசின்ஸின் மனைவி மார்கரெட் இசைப் பட்டம் பெற்றவர். மெட்டை மேலைநாட்டுச் சுரக்குறியில் எழுதிக்கொண்டார். 28ஆம் தேதி தாகூர் தம் கையாலேயே பாடலை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டுக் கொடுத்தார். இந்தியாவின் காலைப் பாடல் என்பது தலைப்பு.

அந்த மூலத்தாள் இப்போது கல்லூரியில் இல்லை. பணமுடையான காலத்தில் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். சட்டம் போட்ட நகல்தான் பார்வைக்கு இருக்கிறது. பாடலைப் படிக்க நகல் போதும். என் போன்றவனுக்குப் போதாது. பேனா எங்கே அழுந்தியது, மை எந்த இடத்தில் மீண்டும் தொட்டெழுதப்பட்டது, தாளின் முதுகில் என்ன இருந்தது, எத்தனையாக மடிக்கப்பட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் காகித ஆலையின் நீர்க்குறி தெரிகிறதா என்பவையெல்லாம் மூலத்தோடு போய்விட்டன.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மதனப்பள்ளி என்றதும் வருகிறவர் எல்லாரும் விருந்தாளி எழுதிய அந்த ஒரு தாளைக் கேட்கிறார்கள். அந்த விருந்தாளியைக் கூப்பிட்டு, தங்கவைத்து, தினமும் மணியடித்தால் வகுப்புக்குப் போன கவிஞரின் பாடக்குறிப்பு எங்கே என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கசின்ஸ் தம்பதியர் இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய தன்வரலாறு 1950இல் சென்னையிலேயே அச்சானது. ஜேம்ஸ் கசின்ஸ் மதனப்பள்ளியிலேயே 1956இல் காலமானார். அவர் தாயகமும் நினைவில் வைத்தது குறைவு, நாமும் குறைவு.

திருப்பதிக்காரர் சங்கரம்பாடி சுந்தராச்சாரியின் கதையும் இந்த வரிசைதான். ஆந்திர மாநிலப் பாடலான ‘மா தெலுகு தல்லிகி’யை எழுதியவர். வீட்டுமொழி தமிழ் என்றால் நம் வாசகர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். ஹோட்டலில் சர்வராக இருந்தார், பத்திரிகையில் பிழை திருத்தினார், பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராக ஊர் ஊராகப் போனார். 1942இல் சித்தூர் நாகையா நடித்த ‘தீனபந்து’ படத்துக்காக எழுதிய பாடல் படத்தில் இடம்பெறவில்லை. டங்குடூரி சூரியகுமாரி குரலில் இசைத்தட்டாக வெளிவந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. பாடலைக் காப்பாற்றியது இசைத்தட்டும் பிள்ளைகளின் வாயும். 1977இல் வறுமையில் இறந்தார். சிலை வைத்தார்கள். மேடை ஏறிய பாட்டு நாங்கள் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். மேடை ஏறாதவற்றுக்குத்தான் மென்தாளும் பசையும் தேவை.

திருமலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அன்னமாச்சாரியாரின் செப்பேடுகளைச் சொல்லாமல் விட முடியாது. 15ஆம் நூற்றாண்டின் வாக்கேயக்காரர். 32,000 பாடல்கள் இயற்றியதாக மரபு. அவர் வழிவந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் அடைத்துவைத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தேவஸ்தானத்தின் கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியும், தெலுங்குக் கவிஞர் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் அவற்றை வெளிக்கொணர உழைத்தவர்கள். வேட்டூரியார் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பல காலம் பணியாற்றிவிட்டுத் திருப்பதிக்கு வந்தவர். ஊர் ஊராகப் பிறர் ஓலைகளைத் தேடிச் சேர்த்தவர். 1950இல் திருப்பதியிலேயே காலமானார். அவருக்குப் பின் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா வந்தார். மைசூர் மகாராஜா கல்லூரியில் நெடுங்காலம் தெலுங்கு கற்பித்த கவிஞர், சங்கீதமும் தெரிந்தவர். தேவஸ்தானம் 1939இல் தொடங்கிய கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தில் அமர்ந்து செப்பேட்டுப் பாடல்களுக்கு மெட்டமைத்தார். செப்பேட்டில் ராகத்தின் பெயர் இருந்தது, சுரம் இல்லை. பாடிய வழியும் அறுந்துபோயிருந்தது. இன்று கச்சேரிகளில் கேட்கிற அன்னமாச்சாரியார் பாடல்கள் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு வாத்தியாரின் மேஜை இருக்கிறது.

செம்பு நானூறு ஆண்டைத் தாண்டி நின்றதை வியக்காதவர் இல்லை, நானும் வியப்பவன்தான். ஆனால் செம்பில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு சொல்லை எழுதி, வேண்டாமென்று விட்டு, மூன்றாவதாக வந்த சொல்லில் நின்றாரா என்பது செம்புக்குத் தெரியாது. அது வாத்தியாரின் ரஃப் நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். பழைய நாளில் அதுவும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மனத்திலேயே பாடலைக் கட்டிச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஓலையில் எழுதுவார். திருப்பெருந்துறைப் புராணத்துக்கு அப்படி எழுதியவர் உ.வே.சாமிநாதையர். அவர் பெயரால் 1943இல் சென்னையில் அமைந்த நூலகத்துக்குப் போகிறவர்கள், ஆசிரியரின் கவிதையை மாணவரின் கையெழுத்தில் பார்ப்பது என்றால் என்னவென்று யோசிக்கலாம். பிள்ளையவர்களிடம் பாடம் நடந்த இடமும் கவிதை பிறந்த இடமும் ஒரே திண்ணை.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, ஒரு சுவடி தொல்பொருள் என்று பெயர் பெற அது எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத பழமை உடையதாக இருக்க வேண்டும். 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கமும் அதே எழுபத்தைந்தைத்தான் வரம்பாக வைத்தது. ஓலைக்கும் பழைய கைக்காகிதத்துக்கும் இது நியாயம். 1965இல் ஒரு வாத்தியார் மில் காகித நோட்டில் எழுதியது 2040இல்தான் சுவடி ஆகும். அதுவரை அந்தக் காகிதம் தாங்காது. ஓலைக்குத் திட்டம் உண்டு, பணம் உண்டு, கணக்கெடுப்பு உண்டு. ரஃப் நோட்டுக்குக் குடும்பத்தின் பொறுமை மட்டும்தான் உண்டு.

அந்தப் பொறுமையும் எவ்வளவு நாளைக்கு? எல்லையோரக் கிராமம் ஒன்றில் பண்டிதராக இருந்து ஓய்வுபெற்று மறைந்த ஒருவரின் வீட்டுக்கு நோட்டுகளைப் பார்க்கப் போயிருந்தேன். மகன் கவிதைகள் இருந்த பக்கங்களை முன்பே கத்தரித்து ஒரு ஃபைலில் போட்டுவைத்திருந்தார், பதிப்பாளர் கேட்டாராம். மிச்சம் சாக்கில் கட்டித் திண்ணையில் கிடந்தது.

“இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா? பையனுங்க மார்க்கு, அரிசிக் கணக்கு, அவர் வாங்கின கைமாத்து…” என்றார் அந்த மகனின் அம்மா.

“அது எல்லாமே வேணும்மா. சேர்ந்திருந்தாத்தான் எது எப்போ எழுதினாருன்னு சொல்ல முடியும்.”

“கைமாத்து வாங்கினதையும் ஊருக்குக் காட்டணுமா?”

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில்: காட்ட வேண்டாம், வைத்திருந்தால் போதும். இன்னின்ன கட்டுகளை இத்தனை ஆண்டுக்கு யாரும் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால், ஒழுங்கான காப்பகம் அதை மதித்து மூடிவைக்கும். மாணவர்களின் மதிப்பெண்ணும் அப்படியே. இன்றைக்கு உயிரோடு இருக்கிறவரின் பூஜ்ஜியத்தைப் பொதுவில் வைக்க யாருக்கும் உரிமையில்லை. கத்தரித்த பக்கங்களைச் சாக்கிலிருந்த நோட்டுகளின் அடிக்கட்டையோடு வெட்டுவாயை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். கோடு போட்ட தாளின் வரிகளும், அடுத்த பக்கத்தில் ஊறியிருந்த மையும் வழிகாட்டின. எல்லாம் பொருந்தவில்லை. பொருந்தியவற்றில் ஒரு நீண்ட கவிதை, புத்தகத்தில் போக இருந்ததைவிட ஆறேழு ஆண்டு முன்னால் தொடங்கியது என்று தெரிந்தது. அதன் முதல் குறிப்பு ஒரு வருகைப்பதிவுத் தாளில் இருந்தது.

முழுப் பெட்டியாகக் காப்பதற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் ஏ.கே. ராமானுஜனைச் சொல்வேன். மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மதுரையில், பெல்காமில் என்று வாத்தியார் வேலை பார்த்து, 1962 முதல் 1993இல் இறக்கும்வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். போன புதிதில் அங்கே நூலகத்தின் நிலவறையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கண்ணில் பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதைத்தான் பிறகு உலகத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார். அவருடைய காகிதங்கள் அதே பல்கலைக்கழக நூலகத்தில் தனித்தொகுப்பாக இருக்கின்றன. வரைவுகள், நாட்குறிப்புகள், வகுப்புக் குறிப்புகள் என்று ஒரே கூரைக்குக் கீழ். அவர் இறந்தபின் வந்த கடைசித் தொகுதி, அவர் கணினித் தட்டுகளில் வைத்துவிட்டுப் போன வரைவுகளிலிருந்து நண்பர்கள் கூடித் தேர்ந்தெடுத்தது. கால் நூற்றாண்டு கழித்து நாட்குறிப்புகள் நூலாயின. தட்டுகளைத் திறக்கும் எந்திரம் அன்று இருந்தது. இப்போது வருகிற பெட்டிகளில் ஃபிளாப்பியும் சீடியும் வருகின்றன, அவற்றுக்கு மென்தாளும் பசையும் உதவாது. அந்த வேலை அடுத்த தலைமுறையினருடையது.

தமிழ்ப் பக்கம் பார்த்தால், முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் புதுவைப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து 1946இல் ஓய்வுபெற்ற பாரதிதாசனுக்கு, பெருமாள் கோவில் தெருவில் அவர் வாழ்ந்த வீடே அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் நிற்கிறது. கையெழுத்துப் படிகளை வீட்டோடு சேர்த்து அரசு காத்தது நல்ல காரியம். புகழ்பெற்றவருக்கு அது நடக்கும். மாவட்ட அளவில் பேர் சொன்ன, ஒரு தொகுதியோ இரண்டு தொகுதியோ போட்டு மறைந்த வாத்தியார்களுக்கு யார் செய்வது? பல்கலைக்கழகத் துறைகள் ஆய்வேட்டுக்கு வேண்டியதைப் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. ஸ்கேன் செய்ய வசதியாக முதுகை வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

உங்கள் வீட்டில் இப்படியொருவர் இருந்து, இப்படியொரு பெட்டியும் இருந்தால், முதலில் அதைப் பரணிலிருந்து இறக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டாத மர அலமாரியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். கிழிந்த பக்கத்தை ஒட்டாதீர்கள், கிழிந்தபடியே ஒரு வெள்ளைத்தாளுக்குள் மடித்து வைத்தால் போதும். கவிதையைத் தனியாகவும் கணக்கைத் தனியாகவும் பிரிக்காதீர்கள். படம் எடுப்பதானால் அட்டை முதல் அட்டை வரை, வெறும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். நோட்டில் வரும் பெயர்கள் யார் யாருடையவை என்று சொல்லத் தெரிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதிவையுங்கள். பெட்டியை ஒரு நூலகத்துக்குக் கொடுத்தால் தாள்தான் அவர்களுடையதாகும். எழுதிக் கொடுக்காதவரை எழுத்தின் உரிமை வாரிசுகளிடமே இருக்கும். அதனால் பயப்படாமல் கொடுக்கலாம். கொடுக்கும்போது பட்டியல் இரண்டு படி எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நூலகம் இடமில்லை என்றால் இன்னொன்றைக் கேளுங்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்கும்போது மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.